கல்லும் சொல்லும்

நமது மேசைமீது, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் மெய்ப்புத் தாள்களுக்கும் நடுவே, சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. வருவோர் எல்லாம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கின்றனர். "பனங்கற்கண்டா?" என்று கேட்டவர் உண்டு. "அகழாய்வில் கிடைத்ததோ?" என்று ஆவலோடு வினவிய புலவரும் உண்டு. கீழடியில் கிடைத்ததன்று, கொற்கையில் கிடைத்ததுமன்று, நண்பர்களே! அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம் நமது வலப்பக்கச் சிறுநீரகம்! பழுப்பு நிறம், கரடுமுரடான மேனி, ஏழெட்டுத் துண்டுகள். உடைக்கப்படுவதற்கு முன்னர் அவை ஒரே கல்லாக இருந்தன, கொட்டைப்பாக்கு அளவு.

சிறுநீரகம் என்று இப்போது கூசாமல் எழுதிவிட்டோம். அந்தச் சொல்லை வாய்திறந்து சொல்ல நமக்கு இரண்டாண்டு பிடித்தது. நெஞ்சுவலி என்றால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். அதிலே ஒரு பெருமைகூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைவலி என்றால் அறிவாளிக்கு வருவது என்று பிறர் எண்ணிக்கொள்வர். ஆனால் சிறுநீர் சம்பந்தப்பட்ட நோய் என்றதும் குரல் தாழ்கிறது, கண் நிலம் பார்க்கிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல வெட்கம், நண்பரிடம் சொன்னால் நகைப்பாரோ என்ற நடுக்கம்! கல் வளர்ந்தது உடலுக்குள்ளே என்றாலும், அதை வளர்த்துவிட்டது நமது வாய் என்றே சொல்லவேண்டும். மூடிக்கிடந்த வாய்!

முதல் வலி வந்தது ஐப்பசி மாதத்து மழையிரவில். நள்ளிரவு கடந்திருக்கும். விலாவுக்குக் கீழே, முதுகுப் புறத்தில், யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை நுழைத்துத் திருகுவதுபோல் ஒரு வலி எழுந்து, அடிவயிற்றுக்கு இறங்கி, தொடைவரை ஓடியது. படுத்தால் எழச் சொல்லிற்று. எழுந்தால் நடக்கச் சொல்லிற்று. நடந்தால் தரையில் விழுந்து உருளச் சொல்லிற்று. கல்லின் கூர்முனை குத்துவதால் வரும் வலி என்றுதான் அன்று எண்ணினோம். உண்மை வேறு. கல் வந்து சிறுநீரகத்தின் வாயிலை அடைத்துக்கொள்ளும்போது, வெளியேற வழியற்ற நீர் உள்ளே தேங்கி, சிறுநீரகம் விம்மிப் புடைக்கிறது. அந்த விம்மலே வலியாகிறது. முன்னோர் இதற்கிட்ட பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: கல்லடைப்பு!

அடுத்த அறையிலிருந்து அம்மா எழுந்து வந்தார். எண்பது வயது.

"என்னப்பா செய்யுது?"

"வாயும்மா. ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல."

எண்பது வயதுத் தாயிடம், நள்ளிரவில், வேர்வையில் நனைந்தபடி ஒரு பொய்! உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் விளக்கை ஏற்றி மகனை எழுப்பி ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து, அடுத்த ஊருக்குப் போய் — நமது ஊரில் எடுத்தால் தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களே! — ஸ்கேன் எடுத்தோம். 9 மில்லிமீட்டர் என்று வந்தது. கொண்டைக்கடலை அளவு. மருத்துவர், "இப்போதே வந்தால் எளிதில் முடியும்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். வந்த வழியெல்லாம் நமக்குள் ஓடியது ஒரே படம்: வெள்ளைத் துணி, கத்தி, குருதி.

பிறகு தொடங்கிற்று வைத்தியம். வாழைத்தண்டுச் சாறு குடித்தோம். நெருஞ்சில் கஷாயம் குடித்தோம். தைத் திருநாளில் காப்புக் கட்டும் சிறுபீளையைப் பறித்து வந்து காய்ச்சித் தந்தார் அண்டை வீட்டு அம்மையார், அதையும் குடித்தோம். "பீர் அடித்தால் கல் அடித்துக்கொண்டு போய்விடும்" என்றார், காரணம் கிடைத்தால் போதும் என்று காத்திருந்த நண்பர் ஒருவர். பேருந்து நிலையத்தருகே குப்பி குப்பியாகக் கற்களை அடுக்கிவைத்து, அவையெல்லாம் தம் லேகியத்தால் விழுந்தவை என்று விளம்பரம் செய்யும் கடைக்காரரிடம் 3,500 ரூபாய் கொடுத்தோம். சோதிடர் ஒருவர், கேட்காமலே, கோளொன்று எட்டாமிடத்தில் இருக்கிறது என்றார். கோள் இருந்த இடம் எதுவோ, கல் இருந்த இடம் ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது.

சாற்றைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை, தண்ணீர் நிறையக் குடித்தால் தாமாகவே வெளியேறிவிடும். வெளியேறிய நாளில் எந்தச் சாறு வயிற்றில் இருந்ததோ, அந்தச் சாற்றுக்குப் புகழ்! 1739ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றமே இந்த மயக்கத்தில் விழுந்திருக்கிறது. ஜோனா ஸ்டீபன்ஸ் என்ற அம்மையார் கல்லைக் கரைக்கும் மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொல்ல, அதன் இரகசியத்தைப் பெற 5,000 பவுன் கொடுத்தது. இரகசியம் வெளிவந்தது: முட்டையோடு, நத்தை, சவர்க்காரம், சில பச்சிலைகள்! 3,500 ரூபாய் கொடுத்த நமக்கு, 5,000 பவுன் கொடுத்தவர்களை நினைத்தால் சற்று ஆறுதல்.

அம்மாவுக்கு ஒருநாள் தெரிந்துவிட்டது. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தருகே வைத்தார். கல்லைக் கரைக்கச் சொல்லிக் கல்லிடமே மனுவா என்று மேடையிலே எத்தனையோ முறை கேட்டுக் கைதட்டல் வாங்கியவர் நாம். அன்று கேட்க நா எழவில்லை. ஏனெனில், முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிய அம்மா சொன்ன அடுத்த சொல், "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போப்பா" என்பது. பகுத்தறிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாம் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். முடிச்சுப் போட்ட அம்மா அறுவைக்குப் போகச் சொன்னார். இதில் யார் பகுத்தறிவாளர் என்பதை வாசகர்கள் சொல்லட்டும். நமக்குச் சொல்ல வெட்கம்.

மேடை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கூட்டத்துக்குப் போகுமுன் நாம் தண்ணீர் குடிப்பதில்லை. பேச்சின் நடுவே எழுந்து போக நேர்ந்தால் என்னாவது? பகலெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஒரு பக்கம் முடிந்ததும் குடிக்கலாம் என்று எண்ணி, எட்டுப் பக்கம் முடித்து எழுவது வழக்கம். வெயில் சுடும் நாட்டில், வேர்வையாகப் போனது போக எஞ்சிய நீரில் உப்புகள் செறிந்து, மணியாகத் திரண்டு, மணியின்மேல் மணி படிந்து கல்லாகிறது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பினால் ஆனவை; நம்முடையதும் அதுவே. இதைக் கேட்டதும் பாலை நிறுத்திவிட்டோம், கால்சியம் அல்லவா என்று. அதுவும் தவறாம்! உணவிலே அளவான கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். குறைக்கவேண்டியது கறியுப்பை. இதுவும் மருத்துவமனைக்குப் போனபின் தெரிந்தது.

இரண்டாண்டு கழித்து இரண்டாம் ஸ்கேன். 24 மில்லிமீட்டர். கடலை பாக்காகியிருந்தது.

அச்சத்தை நாம் ஒரேயடியாக இகழ மாட்டோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அறுவைக்கு நாள் குறித்தபின், உறக்கம் வராத இரவுகளில், கல்லெடுத்துக்கொண்டவர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தோம். 1846ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவை நடத்திக் காட்டப்படும்வரை, வலியை மறக்கடிக்கும் உறுதியான வழி உலகில் இல்லை. ஆனால் கல் இருந்தது! அந்நாளில் அறுத்தெடுத்தது பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலே கிடந்த கல்லை. நோயாளியின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, வலுத்த ஆட்கள் பிடித்துக்கொள்ள, இரு தொடைக்கும் நடுவே கத்தி இறங்கும், விரல் நுழையும், இடுக்கி நுழையும், நோயாளி எல்லாவற்றையும் கண்விழித்துக் காண்பார். திறமை என்றால் விரைவு. சில நிமிடங்களில் முடித்தவரே வல்லவர். பிரான்சு நாட்டு இசைவாணர் மாரேன் மாரே 1725இல் இந்த அறுவையையே ஓர் இசையாக்கினார். மேசையைக் கண்டு நடுங்குவது, ஏறுவது, கட்டப்படுவது, கல் வெளிவருவது என்று ஒவ்வொரு கட்டத்தையும் இசைக்குறிப்பின் ஓரத்தில் எழுதிவைத்தார். இசைக்கே பொருளாகிவிட்ட துன்பம் என்றால் எத்தகையதாக இருந்திருக்கும்!

அந்த நாளில், 1658 மார்ச் 26 அன்று, இலண்டனில் உறவினர் வீடொன்றில், 25 வயது இளைஞர் ஒருவர் அந்த மேசையில் ஏறினார். பெயர் சாமுவேல் பீப்ஸ். பின்னாளில் ஆங்கிலக் கடற்படையின் நிர்வாகத்தைச் சீர்செய்தவர். 1660 முதல் எழுதிய நாட்குறிப்பால் உலகப் புகழ் பெற்றவர். தாமஸ் ஹாலியர் என்ற அறுவையாளர் அவர் உடலிலிருந்து எடுத்த கல் அந்நாளைய டென்னிஸ் பந்தளவு இருந்ததாம். பிழைத்தார். பிழைத்ததோடு நிற்கவில்லை. அந்த நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாடத் தீர்மானித்தார். கல்லைத் தூக்கி எறியாமல், அதற்கென்று பேழை செய்வித்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பேழை பெருமைக்கு மட்டும் பயன்படவில்லை என்பதே நம்மை ஈர்த்தது. 1669 ஜூன் மாதம், ஜான் ஈவ்லின் என்ற நண்பரின் தம்பி ரிச்சர்டு கல்லினால் துடித்துக்கொண்டிருந்தார், அறுவைக்கு அஞ்சினார். பீப்ஸ் தம் கல்லை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பாரும், இவ்வளவு பெரிய கல், இதோ நான் உயிரோடு! ஆனால் ரிச்சர்டுக்குத் துணிவு பிறக்கவில்லை. 1670இல் இறந்தார்.

இந்த இடத்தைப் படித்த இரவு, நாம் இருமுறை எழுந்து விளக்கைப் போட்டோம்.

அதே ஆங்கில நாட்டில் நடந்த இன்னொரு கதை உண்டு. 1828இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் பொல்லார்டு என்ற 53 வயது நாட்டுப்புறத்தவர் மேசையில் கட்டப்பட்டார். அறுத்தவர் பிரான்ஸ்பி கூப்பர். அங்கே பேரும் புகழும் பெற்ற ஆஸ்ட்லி கூப்பரின் அண்ணன் மகன். சில நிமிடங்களில் முடியவேண்டியது ஏறக்குறைய ஒருமணி நேரம் நீண்டது. கருவி மாற்றிக் கருவி நுழைந்தது, கல் அகப்படவில்லை. போதும், விட்டுவிடுங்கள் என்று அவர் கெஞ்சினார். கல் வந்தது, மறுநாள் அவர் உயிர் போனது. தாமஸ் வேக்லி நடத்திய லான்செட் இதழ் நடந்ததை வெளியிட்டது. உறவுமுறையால் பதவி பெற்றவர் கையில் ஏழையின் உடல் கிடைத்ததே என்று கேட்டது. கூப்பர் வழக்குத் தொடுத்து 2,000 பவுன் கேட்டார். வழக்கில் வென்றார், ஆனால் கிடைத்தது 100 பவுன். அறையின் சுவருக்குள்ளே நடந்ததை வெளியே சொல்ல ஓர் ஏடு இருந்தமையால் பொல்லார்டின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாமல் போனவர் எத்தனை பேரோ!

இவ்வளவையும் படித்துவிட்டு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசையில் நமக்கு முன்னே ஒரு தாயும் மகளும். மகளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். புடவைக் கடையில் வேலை. "இந்த வயசுல இவளுக்கு எதுக்குங்கய்யா கல்லு?" என்று தாய் கேட்டார். மகள்தான் பதில் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை வேலை. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும், ஆண் அவர், "இப்பத்தானே போன?" என்று எல்லார் முன்பும் கேட்பார். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. கடைகளில் பணிபுரிவோர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது, வரவேற்றோம். உட்கார உரிமை வந்த இடத்திலே, எழுந்து போக உரிமை வரவில்லையே! மேடைக்கு அஞ்சி நாம் நீரைத் துறந்தோம். அது நமது மடமை. இந்தப் பெண் துறந்தது யாருடைய குற்றம்?

வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். நெசவாளர் ஒருவர், இரவுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், செங்கற்சூளையில் வேலை செய்பவர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊர் வேறு, தெரு வேறு, உண்ணும் உணவு வேறு. எடுத்துப் போட்ட கற்களை ஒரே தட்டிலே கலந்து வைத்தால் எது எவருடையது என்று எந்தப் பஞ்சாங்கமும் பிரித்துச் சொல்லாது! அங்கே யாருக்கும் கூச்சமில்லை. "உங்களுது எத்தனை எம்.எம்.?" என்பதே முதல் விசாரிப்பு. ஆசிரியர் சட்டையைத் தூக்கி, 1984இல் நடந்த அறுவையின் தழும்பைக் காட்டினார். முதுகிலிருந்து வயிறுவரை ஒரு சாண் நீளம். "அப்போ எல்லாம் பிளந்துதான் எடுப்பாங்க. ஒன்றரை மாசம் படுக்கை" என்றார். இப்போது மறுபக்கத்தில் கல். இம்முறை அவர் முதுகில் இருந்தது ஒரு விரல்நுனி அளவுத் துளை.

அந்த ஒரு சாண் ஒரு விரல்நுனியாகச் சுருங்கிய கதைதான் நம்மை வியக்கவைத்தது. 1976இல் சுவீடன் நாட்டில் ஃபெர்ன்ஸ்ட்ராம், யோஹான்சன் என்ற இருவர், முதுகிலே சிறு துளையிட்டு அதன் வழியே கல்லெடுக்கும் முறையை வெளியிட்டனர். 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், துளையும் இடாமல், வெளியிலிருந்தே அதிர்வலை பாய்ச்சி ஒரு நோயாளியின் கல்லைப் பொடியாக்கினர். அந்தக் கருவியைச் செய்தது விமானத் தொழில் செய்த டார்னியர் நிறுவனம்! கல் 9 மில்லிமீட்டராக இருந்தபோது போயிருந்தால் இந்த அதிர்வலையே நமக்குப் போதுமானதாக இருந்திருக்கும். 24 ஆனபின் துளையிடுவதே வழி என்றார்கள்.

அறுவை நாளின் காலை. முதுகெலும்பின் நடுவே ஊசி. இடுப்புக்குக் கீழே உடல் நம்முடையதன்று என்றாயிற்று. கால்களைத் தூக்கி முதலில் கீழ்வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினர். பிறகு நாலு பேர் சேர்ந்து நம்மைக் குப்புறப் புரட்டினர். முகம் ஒருபுறம் சாய்ந்திருக்க, கண்ணுக்குத் தெரிந்தது பச்சைத் துணியும் ஒரு சக்கரமும். குளிர், எலும்பை உலுக்கும் குளிர்.

"ஐயா, மூச்சு நல்லா வருதுங்களா?"

"வருதும்மா. குளிருது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. கல்லு கண்ணுல பட்டுடுச்சு."

சிறிது நேரத்தில் ஓசை கேட்டது. டக், டக், டக், டக்! கல்லுடைக்கும் ஓசை. ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தில் சிறுவயதில் கேட்ட அதே ஓசை, மெலிதாக, நமது உடலுக்குள்ளிருந்து! வலி இல்லை, அழுத்தம் மட்டும். பீப்ஸைக் கட்டிப் பிடித்திருந்த ஆட்களை நினைத்தோம். பொல்லார்டை நினைத்தோம். நமது தோளின்மேல் செவிலி கை வைத்திருந்தார், அவ்வளவே. ஒன்றரை மணி நேரத்தில், "முடிஞ்சுதுங்க" என்றார் மருத்துவர். கண்ணில் நீர் வந்தது. குளிர்தான் காரணம் என்று செவிலியிடம் சொன்னோம். பார்த்தீர்களா, மறுபடியும் பொய்!

வலியே இல்லை என்று எழுதினால் ஏமாற்றுக்காரராவோம். முதுகிலிருந்து ஒரு குழாய் பையில் போய் முடிந்தது. பையில் செம்பருத்திச் சாறு நிறத்தில் நீர். திரும்பிப் படுத்தால் சுருக்கென்று குத்தியது. மூன்றாம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இன்னொரு குழாய் இருந்தது: சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே, இருமுனையும் சுருண்ட மெல்லிய குழாய். ஸ்டென்ட் என்பர். புண் ஆறும்வரை வழி அடைபடாமல் காக்கும் காவலன். ஆனால் காவலன் தன் இருப்பை அடிக்கடி அறிவித்துக்கொண்டே இருப்பான். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் விலாவில் ஓர் இழுப்பு. கழித்து வந்து உட்காருமுன் மீண்டும் போகவேண்டும்போல் ஓர் உந்தல். சில வாரங்களில் அதை எடுத்தாகவேண்டும். எடுக்காவிட்டால்?

அதற்கு விடை அடுத்த படுக்கையில் இருந்தது. அறுபது கடந்த பெரியவர். மானாவாரி நிலத்தில் பாடுபடுபவர். வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் கல்லெடுத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று வைத்த குழாய் இன்னும் உள்ளே! குழாயின்மீதே உப்புப் படிந்து, வெந்நீர்ப் பானையின் அடியில் சுண்ணாம்பு ஏறுவதுபோல் ஏறி, குழாயே கல்லாகிவிட்டது. அதை எடுக்க இரண்டு அறுவை. ஒன்று முடிந்திருந்தது, ஒன்று மீதி.

"குழாய் இருக்குதுன்னு உங்களுக்குச் சொல்லலையாங்க?" என்று கேட்டோம்.

"குழாய்னு யாருங்க சொன்னாங்க? நாலு வாரம் கழிச்சு வாங்க, டெஸ்ட் எடுக்கணும்னாங்க. எனக்குத்தான் ஒடம்பு நல்லாயிருந்துச்சே, எதுக்குங்க டெஸ்ட்டு, வண்டிக்காசு தண்டம்னு வுட்டுட்டேன்."

நமக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பளிச்சென்று விளங்கியது. விளங்கியபோது நெஞ்சு திடுக்கிட்டது. அவர்கள் சொன்னது "ஸ்டென்ட் எடுக்கணும்." அவர் காதில் விழுந்தது "டெஸ்ட் எடுக்கணும்." ஒரே ஒரு அயற்சொல்! மெய்ப்புத் திருத்தும் நாம் ஒரு புள்ளி மாறினால் பொருள் மாறும் என்று ஆயுளெல்லாம் சொல்லி வந்திருக்கிறோம். இங்கே ஓர் ஒலி மாறியதில் ஒரு சிறுநீரகம் போகவிருந்தது. பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். பதினான்கு மாதம் பத்திரமாக, மஞ்சள் பையில், ரேஷன் அட்டையோடு வைத்திருந்தார். எல்லாம் எழுதியிருந்தது. குழாய் வைத்த தேதி, எடுக்கவேண்டிய கெடு, யாவும். ஆங்கிலத்தில்!

சொல்லாமல் விட்டார்கள் என்று நாம் பழி கூறவில்லை. சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள். அறுபது பேரைப் பார்க்கவேண்டிய காலையில், தமக்குப் பழகிய சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருப்பார்கள். அவர்களும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளே. ஆனால் அந்தச் சீட்டு யாருக்காக எழுதப்பட்டது? அடுத்து வரும் மருத்துவருக்காக. உடலுக்குச் சொந்தக்காரர் அதைச் சுமந்து செல்லும் தபால்காரர், அவ்வளவுதான்!

அன்று மாலை வார்டுக்கு வந்த இளம் மருத்துவரிடம் இதைச் சொன்னோம். சினந்துகொள்வாரோ என்று அஞ்சினோம். அவர் பெரியவரின் படுக்கையருகே சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நீங்க எழுதிக் குடுங்க ஐயா, நான் தேதி போட்டுத் தர்றேன்" என்றார். வார்டில் குழாயோடு இருந்தவர் ஏழு பேர். ஏழு சீட்டின் பின்புறமும் பெரிய எழுத்தில் எழுதினோம்:

"உங்கள் உடலுக்குள் ஒரு குழாய் இருக்கிறது. வலி இல்லாவிட்டாலும் அதை எடுக்கவேண்டும். இந்தத் தேதிக்குள் இங்கே வாருங்கள்."

கீழே, "நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் அருந்துங்கள்" என்றும் சேர்த்தோம். மருத்துவர் படித்துப் பார்த்துப் பேனாவை வாங்கினார். நமது வரிகளுக்குக் கீழே தாமும் ஒரு வரி எழுதினார்: "காய்ச்சலோ குளிரோ வந்தால் தேதிவரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்." முப்பதாண்டுக் காலம் பிறர் எழுத்தைத் திருத்திய நமக்கு அன்று கிடைத்த திருத்தம் அது. மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம்.

பெரியவரின் இரண்டாம் அறுவை முடிந்து, பழைய குழாயை எடுத்துப் புதுக் குழாய் வைத்திருந்தார்கள். நாம் வீடு திரும்பும் நாளில் அவரிடமும் சீட்டைக் கொடுத்தோம். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து அறியாதவர் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. தமிழில் எழுதிவிட்டோம் என்று பெருமிதத்தோடு நின்றவர் நாம்! அதற்குள் அவரே, படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த பேத்தியை அழைத்தார். நான்காம் வகுப்பாம். பிசுபிசுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சீட்டை வாங்கி, பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல், வார்டு முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தாள் அந்தச் சிறுமி. தேதியைப் படிக்கும்போது மட்டும் சற்றுத் தடுமாறி, விரல் வைத்து மறுபடியும் சரியாகச் சொன்னாள்.

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி படி, கண்ணு" என்றார்.